வயிறு கெட்ட பூனைக்கு எது: பட்டினியா, தயிர்சாதமா, வேகவைத்த கோழியா?

எங்கள் சிட்டுவுக்குப் பேதி கண்டபோது வீட்டில் மூன்று கட்சி. "லங்கணம் பரம ஔஷதம், ஒருநாள் காயப்போடு" என்றார் பாட்டி. அம்மா தயிர்சாதம் பிசைந்தார். நான் கோழியை வேகவைத்தேன்.

மூன்றில் எனக்கு மிகவும் பயம் தருவது பட்டினிதான். நமக்கு ஒத்துக்கொள்வது பூனைக்கு ஒத்துக்கொள்ளாது. ஓரிரு நாள் வயிறு காய்ந்தாலே அதன் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும். முற்றினால் காமாலை, உயிருக்கே ஆபத்து. கொழுத்த பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். வாந்தி எடுத்த கையோடு சில மணி நேரம் சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்துவைக்கலாம். அதற்கு மேல் கூடாது. தண்ணீரை எடுக்கவே கூடாது.

தயிர்சாதத்தைப் பாலைவிடத் தேவலை என்பேன். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காது, பேதி கூடும். தயிரில் அது குறைவு. ஆனால் பூனை ஊன் தின்னும் பிராணி; சோறு வயிற்றை அடைக்குமே தவிர அதற்கு வேண்டிய புரதத்தைத் தராது. உப்பு வேறு. வெங்காயம் சேர்ந்திருந்தால் ரத்தச் சிவப்பணுக்களையே அழித்துவிடும்.

ஆகவே என் வாக்கு கோழிக்கே. தோலும் எலும்பும் நீக்கிய நெஞ்சுக்கறியை உப்பு, மஞ்சள் எதுவுமில்லாமல் வேகவைத்து, நாராகப் பிய்த்து, வெதுவெதுப்பாக ஒவ்வொரு கரண்டியாக நாளுக்கு ஐந்தாறு முறை வைக்க வேண்டும். சூட்டில் எழும் மணத்துக்கே சோர்ந்த பூனையும் தலை தூக்கும். குறையும் உண்டு: வெறும் கோழியில் கால்சியம் போதாது, வேகவைத்தால் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் குறைந்துவிடும். இரண்டு மூன்று நாளோடு நிறுத்தி, பழைய உணவை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து திரும்ப வேண்டும். கடையில் கிடைக்கும் வயிற்றுக்கான தனி உணவில் இந்தக் குறை இல்லை, விலைதான் அதிகம்.

மனித மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, 24 மணி நேரமாக உணவு தொடாமை, இழுத்துவிட்ட பிடரித் தோல் உடனே படியாமை: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கோழியும் வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தடுப்பூசி போடாத குட்டி என்றால் அடையாளத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பேதியும் வாந்தியுமாக வரும் பான்லூக்கோபீனியா வைரஸ் ஓரிரு நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும்.