நம்மைப் பற்றிய கட்டுரையில் பிழை இருந்தால்: விக்கிப்பீடியாவின் திருத்தக் கோரிக்கை வசதி, ஒரு மதிப்பீடு

விக்கிப்பீடியாவில் தம்மைப் பற்றியோ தாம் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றியோ உள்ள கட்டுரையில் ஒரு பிழை கண்ணில் பட்டால், உடனே 'தொகு' பொத்தானை அழுத்தத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸே தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே திருத்தியது 2005இல் வெளியே தெரிந்து, பின்னர் அவர் அதற்கு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் நலமுரண் (எழுதும் பொருளோடு எழுதுபவருக்குள்ள சொந்தத் தொடர்பு) வழிகாட்டல் இத்தகைய நேரடித் திருத்தம் வேண்டாமென்று வலுவாக அறிவுறுத்துவதோடு நிற்காமல், திருத்தக் கோரிக்கை என்ற மாற்று வழியையும் தருகிறது. கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் துணைப்பக்கம்) வேண்டிய மாற்றத்தை எழுதி, அதற்குரிய வார்ப்புருவை (கோரிக்கை என்று அடையாளம் காட்டும் ஆயத்தக் குறியீடு) இட்டால், அது கோரிக்கைகளின் வரிசையில் சேர்ந்துவிடும். கட்டுரையின் பொருளோடு தொடர்பில்லாத தன்னார்வலர் ஒருவர் அதைப் படித்து ஏற்பார், மறுப்பார், அல்லது ஒரு பகுதியை மட்டும் ஏற்பார். கட்டணம் எதுவும் கிடையாது.

இந்த வசதியைப் பயன்படுத்துவோர் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பணம் பெற்று எழுதுவதை வெளிப்படுத்துவது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிமுறைகளில் 2014 ஜூன் முதல் உள்ள கட்டாயம்: பணம் கொடுக்கும் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், தமக்குள்ள தொடர்பு என்ன என்பதைப் பயனர் பக்கத்திலோ பேச்சுப் பக்கத்திலோ தொகுப்புச் சுருக்கத்திலோ (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் சிறு குறிப்பு) சொல்லியாக வேண்டும். நேரடியாகத் திருத்தாமல் கோரிக்கை வைக்கும்படி சொல்வதோ வழிகாட்டல் அளவிலான அறிவுரை. முன்னதை மீறினால் கணக்கு தடைசெய்யப்படலாம். பின்னதை மீறினால் திருத்தம் நீக்கப்பட்டு, சந்தேகப் பார்வை கூடவே வரும். 'நான் பணம் வாங்கவில்லை, ஆகவே எனக்கு நலமுரண் இல்லை' என்ற வாதமும் அங்கே எடுபடாது. உறவினர், நண்பர், சொந்த நூல், பொறுப்பு வகிக்கும் சங்கம் எல்லாமே நலமுரண்தான். அது ஒருவரின் நிலையைக் குறிக்கும் சொல்லே தவிர அவருடைய நேர்மையைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று வழிகாட்டல் விளக்கியிருப்பது, அந்தச் சொல்லைக் கேட்டதுமே முகம் சிவக்கும் புதியவர்களுக்கு மிகவும் தேவையான விளக்கம்.

கோரிக்கைப் படிவம் எளிமையானது என்பதை முதல் நிறையாகச் சொல்ல வேண்டும். சேர்க்கவோ நீக்கவோ வேண்டிய வாசகம், அதற்கான காரணம், ஆதாரம் என்று மூன்றே விவரங்களைக் கேட்கிறது. ஆனால் இந்த மூன்றையும் உள்ளபடி நிரப்புவதில்தான் வெற்றி தோல்வியே அடங்கியிருக்கிறது. 'இந்தப் பக்கம் பழையதாகிவிட்டது, எங்கள் இணையதளத்தைப் பார்த்துப் புதுப்பியுங்கள்' என்று எழுதினால், தன்னார்வலர் அதைத் தொடவே மாட்டார். அவருக்கு அது கோரிக்கையாக இராமல் வேலைச்சுமையாகத் தோன்றும். 'வரலாறு பகுதியின் இரண்டாம் வாக்கியத்தில் 1987 என்பதை 1978 என்று மாற்றவும். எண்கள் இடம் மாறியுள்ளன. இன்ன நாளிதழின் இன்ன தேதிச் செய்தியில் சரியான ஆண்டு உள்ளது' என்று எழுதினால், படித்து, சரிபார்த்து, மாற்றுவது சில நிமிட வேலையாகிவிடும். தொடக்க ஆண்டு போன்ற சர்ச்சையற்ற விவரங்களுக்கு நிறுவனத்தின் சொந்த வலைத்தளமே சில வேளைகளில் போதும். ஆனால் 'முன்னணி', 'புகழ்பெற்ற', 'முதன்முறையாக' என்ற அடைமொழிகளைச் சேர்க்கச் சொல்பவர் தம்மோடு தொடர்பில்லாத சுதந்திரமான மூலங்களைக் காட்டியாக வேண்டும். ஐந்து பத்திகளை ஒரே கோரிக்கையில் திணிப்பதைக் காட்டிலும் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே கேட்பதே விரைவில் பலன் தரும்.

குறைகளுக்கு வருவோம். கோரிக்கைக்கு விடை வரும் காலத்துக்கு உத்தரவாதம் கிடையாது. தன்னார்வலர்கள் சிலரே இந்த வரிசையைக் கவனிப்பதால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். உண்மையைச் சொல்லிவிட்டு வரிசையில் நிற்பவர் தாமதத்தைச் சுமக்க, எதையும் சொல்லாமல் புனைபெயரில் திருத்துபவருடைய மாற்றம் அடுத்த நொடியே பக்கத்தில் தோன்றிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. பயனர் பெயர் விதியும் புதியவரை முதல் நாளே தடுக்கி விழச் செய்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனத்தின் பெயரையே கணக்கின் பெயராக வைத்தால் தடை விழும். ஒரு கணக்கு ஒரு தனிநபருக்கே உரியது. ஜெர்மன் விக்கிப்பீடியாவோ நிறுவனப் பெயரிலான கணக்குகளைச் சரிபார்த்து ஏற்கிறது. வெளிப்படைத்தன்மையே நோக்கம் என்றால் ஜெர்மானியர் வழியே தெளிவானதாக எனக்குப் படுகிறது.

இந்தத் தாமதத்தைக் காசாக்க முயலும் இடைத்தரகர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டும். பணம் பெற்று விக்கிப்பீடியாக் கட்டுரைகளை எழுதித்தந்த விக்கி-பிஆர் என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான கைப்பாவைக் கணக்குகள் (ஒரே தரப்பு பல பெயர்களில் மறைந்து இயக்குபவை) 2013இல் கண்டறியப்பட்டன. 2015 ஆகஸ்ட் இறுதியில் 'ஆரஞ்சுமூடி' (Orangemoody) என்ற கணக்கின் பெயரால் அறியப்படும் கும்பல் மீதான விசாரணையில் 381 கணக்குகள் தடைசெய்யப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன. அந்தக் கும்பல் செய்த வேலையைக் கவனியுங்கள்: முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடித்து, உரியவர்களை அணுகி, பணம் தந்தால் வெளியிடுகிறோம் என்றார்கள், வெளியான பின் அதைப் 'பாதுகாக்க' மாதாமாதம் பணம் கேட்டார்கள். கட்டுரை நிலைத்திருக்கும் என்று உறுதியளிக்கும் அதிகாரம் விக்கிப்பீடியாவில் யாரிடமும் இல்லை என்பதை அறிந்தவர் இந்தப் பேச்சில் மயங்கமாட்டார்.

எல்லாவற்றுக்கும் வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுத்துப்பிழை, வெளிப்படையான விஷமத் தொகுப்பு, வாழும் நபர் ஒருவரைப் பற்றி ஆதாரமின்றி எழுதப்பட்ட அவதூறு ஆகியவற்றை நலமுரண் உள்ளவரே தம் தொடர்பைச் சொல்லிவிட்டு நேரடியாக நீக்கலாம். எதிர்த்தரப்பில் எழுதுபவருக்கும் நலமுரண் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், அதை எழுப்பத் தனி அறிவிப்புப் பலகை உண்டு. ஆனால் அவருடைய உண்மைப் பெயரையோ பணியிடத்தையோ தோண்டியெடுத்து அங்கே போடுவது கடுமையான விதிமீறல்.

சிறிய, ஆதாரமுள்ள, அவசரமில்லாத திருத்தங்களுக்கு இந்த வசதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிய கட்டுரையே வேண்டுமென்பவர் இந்த வரிசைக்கு வராமல், வரைவு எழுதி மீளாய்வுக்குச் சமர்ப்பிக்கும் வேறு வரிசைக்குச் செல்ல வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்குரிய முக்கியத்துவம்) பற்றியது என்பதால், தம்மைப் பற்றிப் பிறர் சுதந்திரமாகவும் விரிவாகவும் எழுதிய மூலங்கள் கையில் இல்லாதவர் வரைவைத் தொடங்காதிருப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.