20 லட்சத்துக்குள் சம்பாதிக்கும் ஃப்ரீலான்சர் ஜிஎஸ்டி எண் வாங்கலாமா?

அப்வொர்க் போன்ற வெளிநாட்டுத் தளத்தில் வேலை எடுக்கிறவர் தன் கணக்குப் பக்கத்தைத் திறந்தால், கமிஷனுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். இரண்டு அர்த்தத்திலும் வரிதான்: 18 சதவீத ஜிஎஸ்டி. நம் சம்பாத்தியத்தின் மேல் அல்ல, தளம் நம்மிடம் வாங்கும் கமிஷனின் மேல். ஜிஎஸ்டி எண் கொடுத்துவிட்டால் இந்தப் பிடித்தம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், நின்றுவிடும். ஆனால் நின்றதால் லாபமா என்பது வேறு கணக்கு.

முதலில் கட்டாயம் யாருக்கு என்பதைப் பார்த்துவிடலாம். சேவை தருபவருக்குத் தமிழ்நாட்டில் எல்லை ஆண்டுக்கு 20 லட்சம். ஆன்லைன் தளம் வழியாக வேலை செய்தாலே பதிவு கட்டாயம் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அது பழைய கதை. வெளிமாநில வாடிக்கையாளருக்குச் சேவை தருபவருக்கு 2017 அக்டோபரிலும், தளம் வழியாகச் சேவை தருபவருக்கு நவம்பரிலும் வந்த அறிவிப்புகள் இந்த 20 லட்ச விலக்கைக் கொடுத்துவிட்டன. ஆனால் 20 லட்சத்தை எப்படி எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வங்கிக்கு வந்த தொகையை எண்ணக் கூடாது. வாடிக்கையாளர் 22 லட்சம் கொடுத்து, 10 சதவீதக் கமிஷன் போக உங்கள் கைக்கு 19.8 லட்சம் வந்தாலும், விற்றுமுதல் 22 லட்சம்தான். வெளிநாட்டு வருமானமும் இதில் சேரும். மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும் சேரும்.

சரி, எல்லைக்குள் இருப்பவருக்கு வருவோம். ஆண்டுக்கு 10 லட்சம், எல்லாம் வெளிநாட்டு வாடிக்கையாளர், கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 1 லட்சம், அதன் மேல் ஜிஎஸ்டி 18,000. பதிவு செய்யாதவருக்கு அந்த 18,000 போனது போனதுதான்.

பதிவு செய்தவருக்கு? தளம் பிடிக்காது. ஆனால் ரிவர்ஸ் சார்ஜ் என்ற முறையில் அதே 18,000-ஐ நீங்களே அரசுக்குக் கட்ட வேண்டும், அதுவும் ரொக்கமாக. கட்டிய பிறகு அது உள்ளீட்டு வரி வரவாக உங்கள் கணக்கில் உட்காரும். உள்நாட்டில் வரி வசூலிக்கிறவர் அதை அங்கே கழித்துக்கொள்ளலாம். ஏற்றுமதி மட்டும் செய்கிறவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் ரீஃபண்டுக்கு விண்ணப்பித்து, வங்கி தந்த அந்நியச் செலாவணிச் சான்றுகளை இணைத்து, அதிகாரி கேட்டால் பதில் சொல்லி வாங்க வேண்டும். இடையில் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டுக்கு எட்டு ரிட்டர்ன். வேலையே இல்லாத காலாண்டிலும் 'நில்' போட வேண்டும், தவறினால் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். ஆடிட்டருக்கு மாதம் ஆயிரம் என்று வைத்தாலே 12,000 போயிற்று, ரீஃபண்டு வேலைக்குத் தனியாகக் கேட்பார். 18,000-ஐக் காப்பாற்ற இவ்வளவா? வெளிநாட்டு வேலை மட்டும் பார்க்கிறவர் இந்த அளவில் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

உள்நாட்டு வாடிக்கையாளர் வந்தால் கணக்கு தலைகீழாகிறது, அங்கேயும் ஆள் பார்த்து. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு நீங்கள் 18 சதவீதம் சேர்த்து பில் போட்டால், அவர்கள் அதை வரவாக எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் வலி இல்லை, உங்கள் இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா எல்லாவற்றின் வரியும் திரும்பக் கிடைக்கும். ஜிஎஸ்டி எண் இல்லாதவரிடம் வேலையே கொடுக்காத நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் ஒரு சின்ன யூடியூபரோ தெருமுனை பேக்கரியோ என்றால், 10,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தர மாட்டார். அந்த 10,000-இல் 1,525 வரிக்குப் போய் உங்களுக்கு 8,475 மிஞ்சும். பதிவு செய்யாத பக்கத்து வீட்டு டிசைனர் முழு 10,000-ஐயும் வைத்துக்கொள்வார்.

பதிவு செய்தே ஆக வேண்டும் என்றானபின், ஏற்றுமதிக்கு இரண்டு வழி. ஒன்று எல்யூடி, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதம். கட்டணம் இல்லை, ஜிஎஸ்டி இணையதளத்திலேயே கொடுக்கலாம், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் விற்பனைக்கும் ஏற்றுமதிக்குமான ஜிஎஸ்டி, கட்டிவிட்டு ரீஃபண்டு கேட்பது. 25 லட்சத்துக்கு 4.5 லட்சத்தை முடக்க யாருக்கு முடியும்? அதனால் எல்லோரும் எல்யூடி பக்கம்தான், அதுதான் சரியும் கூட. ஒரே ஒரு இடத்தில் இரண்டாவது வழிக்கு மதிப்பு உண்டு. எல்யூடி வழி ரீஃபண்டில் லேப்டாப், கேமரா போன்ற மூலதனப் பொருள்களின் வரி சேராது. ஐஜிஎஸ்டி கட்டும் வழியில் அந்த வரவை வைத்தே வரியைக் கட்டி, அதைப் பணமாகத் திரும்பப் பெறலாம். இரண்டு லட்ச ரூபாய்க்கு எடிட்டிங் கணினி வாங்கிய ஆண்டில் ஆடிட்டரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

6 சதவீதம் கட்டினால் போதும் என்ற காம்போசிஷன் திட்டத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ சேவை தரக் கூடாது, வரி பிடிக்கக் கடமைப்பட்ட தளம் வழியாகவும் தரக் கூடாது. ஃப்ரீலான்சருக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

இந்தியத் தளங்கள் பதிவு செய்தவரின் பணத்தில் 0.5 சதவீதத்தை டிசிஎஸ் ஆக, அதாவது தளமே முன்கூட்டி அரசுக்குக் கட்டும் வரியாகப் பிடிக்கும். 2024 ஜூலை 10-க்கு முன்பு அது 1 சதவீதம். ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்ள நம் ரொக்கக் கணக்குக்கே வந்துவிடும் என்பதால் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது 'ஏற்றுமதி' என்ற சொல்லைப் பற்றி. வேலையைக் கடைசியில் பயன்படுத்துபவர் அமெரிக்காவில் இருக்கலாம். பில் சென்னையில் உள்ள ஏஜென்சியின் பெயருக்கு என்றால் அது உள்நாட்டுச் சேவை, 18 சதவீதம் உண்டு. ஆளையும் ஆளையும் சேர்த்துவைத்து டாலரில் கமிஷன் வாங்குகிறவரையும் சட்டம் இடைத்தரகர் என்று பார்த்து ஏற்றுமதிச் சலுகையை மறுத்துவந்தது. அந்தப் பிரிவை நீக்கிவிடலாம் என்று 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது.

கடைசியாக ஒரு வீட்டுப் பிரச்சினை. பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை வீடு என்றால் ஒப்பந்தம், ஈபி ரசீது, கூடவே பெரும்பாலும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும். ஜிஎஸ்டி என்றதுமே, கமர்ஷியல் கரண்ட் பில் போட்டுவிடுவார்களோ என்று அவர் பதறுவார். 20 லட்சத்தைத் தாண்டினால் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தும் பேச்சை 18 லட்சத்திலேயே தொடங்கிவிடுங்கள்.