பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு எது உதவும்: நம்பிக்கை மையமா, நடமாடும் வண்டியா?

திருப்பூர் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆலோசகர் பேசுவார், தொற்று உறுதியானால் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்துக்கும் வழிகாட்டுவார். ஆனால் பகலில்தான் போகணும். கம்பெனியில் துணி செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணுக்கு அரை சிப்ட் கூலி போச்சு. ஹாஸ்டல் வார்டனுக்கும் காரணம் சொல்லணும். திருநங்கைகளுக்கோ ஓ.பி. வரிசையில் விழும் பார்வையே பெரிய தடை.

நடமாடும் பரிசோதனை வண்டி என்றால் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்கே வரலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அரைமணிக்குள் முடிவு. தொற்று இருப்பதாகக் காட்டினால், உறுதிசெய்ய மட்டும் மையத்துக்குப் போயாகணும். ஹாஸ்டல் வாசலில் நிறுத்தினால் யார் ஏறினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் சர்க்கரை, பிரஷர் சோதனையோடு சேர்த்துச் சந்தைப் பக்கம் நிறுத்தணும்.

நான் வண்டிக்கே முதல் பணம் ஒதுக்கச் சொல்வேன். 18 வயது நிரம்பாதவர்களுக்கு இரண்டிலுமே பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேணும். ஊரை விட்டு வந்த பிள்ளை அதற்கு யாரிடம் போகும்?