விபத்துக்குப் பின் ஒரு மஸ்டாங்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஃபோர்டு மஸ்டாங் ஜிடியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது ஐந்து லிட்டர் வி8 எஞ்சினில் தொடங்கி அதன் உறுமலிலேயே முடிந்துவிடுவது வழக்கம். இந்தப் பகிர்வு அதைப் பற்றியதன்று. சாலை நடுவிலுள்ள தடுப்பில் மோதி, காப்பீட்டில் சரிசெய்யப்பட்டு, மீண்டும் வீட்டுக்கு வந்த ஒரு மஸ்டாங்கை வைத்திருப்பது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை, அதே நிலைக்கு வந்து நிற்கும் வேறொருவருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். என்னுடையது 2018 மாடல், சிவப்பு நிறம். மோதியது 2021 நவம்பர் மழையில்.

விபத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சென்னையிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில், மேல்மருவத்தூரைத் தாண்டிய ஓரிடத்தில், நடுத்தடுப்பின் இடைவெளி வழியாக ஓர் இருசக்கர வாகனம் எதிர்த்திசையில் நுழைந்தது. பிரேக் பிடித்தபோது தேங்கியிருந்த நீரின்மேல் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழக்க, வண்டி திரும்பி, முன்பக்க வலது மூலை தடுப்பில் இடித்து நின்றது. இரு தரப்பிலும் யாருக்கும் காயமில்லை. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று வீட்டுப் பெரியவர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தத் தலைப்பாகைக்கான எஸ்டிமேட் அடுத்த வாரம் வந்தது. இந்தக் கார் 2017 ஜனவரியில் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார் பாதுகாப்பு அமைப்பின் மோதல் சோதனையில் இரண்டே நட்சத்திரம் வாங்கியது, முன் ஏர்பேக்குகள் போதிய அளவு விரியவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று, திருத்தப்பட்ட வடிவம் அதே ஆண்டில் மூன்று நட்சத்திரம் பெற்றது என்பதையெல்லாம் தெரிந்தேதான் வாங்கியிருந்தேன். ஆகவே என் ஏர்பேக் ஒழுங்காக விரிந்து முகத்தைக் காத்ததை இங்கே பதிவுசெய்வது நியாயம்.

காலநேரம்தான் மோசமாக அமைந்தது. 2016இல் 65 லட்சம் ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமான மஸ்டாங்கின் விற்பனை, பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த 2020இலேயே நின்றுபோயிருந்தது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதிமொழி அந்த அறிவிப்பிலேயே இருந்தது உண்மை. ஆனால் இந்தியாவிலேயே உருவான ஃபிகோவுக்கோ ஈகோஸ்போர்ட்டுக்கோ அந்த உறுதிமொழி தந்த ஆறுதல், அமெரிக்காவின் ஃபிளாட் ராக் தொழிற்சாலையிலிருந்து முழுமையாக இறக்குமதியான ஒரு காருக்கு அதே அளவில் கிடைக்கவில்லை. அறிவிப்பு வெளியாகி இரண்டு மாதங்களில் நான் ஒரு முன்பக்கத்தையே தேடும் நிலைக்கு வந்திருந்தேன்.

காப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கார் உயிர்பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது மெக்கானிக் அல்ல, பாலிசியில் எழுதப்பட்டிருக்கும் ஐடிவி, அதாவது காருக்குக் காப்பீட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு, என்ற ஒரே எண். பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி ‘டோட்டல் லாஸ்’ கணக்கில் சேர்ந்துவிடும். உரிமையாளருக்கு ஐடிவி தொகை கிடைக்கும். வண்டி பிறகு இரும்புக் கடைக்கோ ஏலத்துக்கோ போகும். மூன்று முதல் நான்கு ஆண்டு வயதுள்ள காருக்குப் பட்டியல் விலையில் 40 சதவீதம் தேய்மானம் கழித்தே ஐடிவி கணக்கிடப்படும் என்பதால், அந்தத் தொகை 40 லட்சமாக இருக்கும் ஒரு காரில் செலவு 30 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே கதை முடிந்தது. சாதாரணக் காருக்கு இந்த எல்லை தொலைவில் இருக்கும். சுங்க வரியோடு கப்பலில் வரும் ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், வெளியே பார்ப்பதற்கு ஒரு மூலை மட்டும் நசுங்கிய காரும் அந்த எல்லையை நெருங்கிவிடுகிறது. மற்றவர்கள் இழப்பீடு கூடுதலாக வர வேண்டும் என்று வேண்டுவார்கள். நான் எஸ்டிமேட் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதைவிடத் தெளிவாக எனக்கு உதவியது, பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ என்ற பாலிசி இணைப்பு. அது இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி, டயர், ஏர்பேக் ஆகியவற்றின் விலையில் பாதியை உரிமையாளரே தர வேண்டும். அந்த வயதுக் காரின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம். ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பம்பரைக் கழற்றி வைத்திருக்கும்போதுதான் பார்க்க முடிகிறது. கூலண்ட், ஆயில், ஏசி வாயு, போல்ட், கிளிப் போன்றவற்றுக்கான ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ இணைப்பு என்னிடம் இல்லை. பெரிய தொகை இல்லை என்றாலும் எரிச்சலூட்டும் தொகை. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்தது. இடித்த காரின் சந்தை மதிப்புக் குறைவதற்கு நம் நாட்டுப் பாலிசிகள் எதுவும் தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பாகங்கள் வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மஸ்டாங் பாகங்கள் அமெரிக்காவில் மலிவு, உறவினர் யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்லலாம் என்று பலரும் யோசனை சொன்னார்கள். சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிள், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்ட்ரட் போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் சரிதான். ஹெட்லைட்டுக்குச் சரிவராது. சாலையின் வலப்புறம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு, நம் சாலையில் டிப் செய்தாலும் எதிரே வருபவரின் கண்ணில் ஒளியைக் கொட்டும். ஆகவே இடப்புறம் ஓட்டும் பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்லும் விளக்கின் பார்ட் நம்பரைத்தான் தேட வேண்டும். டாஷ்போர்டு, அதற்குள் இருக்கும் ஏர்பேக் ஆகியவற்றுக்கும் இதே கதை. வலப்புற ஸ்டீயரிங்குடன் தொழிற்சாலையிலிருந்தே வந்த முதல் மஸ்டாங் தலைமுறை இது என்பதால் பழைய இருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம். வண்டி தயாராகிவிட்டது என்று அழைப்பு வந்து போனபோது பெயிண்ட் கண்ணாடிபோல் இருந்தது. எஞ்சின் ஒரே முடுக்கில் எழுந்தது. டெலிவரி தாளில் கையெழுத்துப் போடும் முன் வீல் அலைன்மென்ட் அறிக்கையை அச்சிட்டுத் தருமாறு கேட்டேன். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சரியாக இருந்தது. கேம்பர், அதாவது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம், இடது முன்சக்கரத்தைவிட வலதில் ஒரு டிகிரிக்கு மேல் அதிகமாக இருந்தது. ‘டாலரன்ஸுக்குள்தான் சார் இருக்கு, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்’ என்றார் சர்வீஸ் அட்வைசர். ஓட்ட ஓட்ட செருப்பு வேண்டுமானால் செட் ஆகும், இரும்பு ஆகாது. இந்தத் தலைமுறை மஸ்டாங்கின் முன்சக்கரங்களில் தொழிற்சாலை அமைப்பின்படி டோவை மட்டுமே திருகிச் சரிசெய்ய முடியும், கேம்பரை மாற்றுவதற்கு வழியே வைக்கப்படவில்லை. மாற்ற முடியாத ஓர் அளவு மாறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, அல்லது எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேம் நகர்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. மீண்டும் லிஃப்டில் ஏற்றி அளந்தபோது சப்ஃபிரேம் தன் இடத்தில்தான் இருந்தது. புதிய ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய நக்கிள் வளைந்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாத வளைவு. இடது பக்கத்து நக்கிளைக் கழற்றி அருகில் வைத்து, இரண்டின் மீதும் இரும்பு ஸ்கேலை நிறுத்தியபோதுதான் ஒன்றன் அடியில் வெளிச்சம் தெரிந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுபடியும் வந்து பார்த்து, சப்ளிமெண்டரி எஸ்டிமேட்டை ஒப்புக்கொண்டார். கிளெய்ம் முடிந்து ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்ற தாளில் கையெழுத்தான பிறகு இது வெளிப்பட்டிருந்தால் அந்தச் செலவு என் தலையில்தான் விழுந்திருக்கும். அதைவிட, முன்டயர் உட்புறமாகத் தேய்வதற்கு டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். விபத்தில் அடிபட்ட கார் ‘முன்னைப்போல் இல்லை’ என்று உரிமையாளர்கள் சொல்லும் புகாரில் பாதி மனக்கலக்கம், பாதி இதுபோல் அளந்து பார்க்காமல் விட்ட ஒரு கோணம் என்பது என் கணிப்பு.

மனக்கலக்கம் என்பதை லேசாகச் சொல்லிவிட்டேன்; அது அப்படி லேசானதன்று. கார் பட்டறையில் இருந்த காலத்தில் வீட்டிலிருந்த சிறிய காரை ஓட்டும்போதே, நடுத்தடுப்பில் இடைவெளி கண்ணில் பட்டதும் வலது கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது. படுத்தால், உலோகம் கான்கிரீட்டில் உராயும் ஓசை. முதல் சில வாரங்களில் இப்படி நினைவுகள் மேலெழுவது இயல்பு. ஒரு மாதத்தைத் தாண்டியும் அதே காட்சி துரத்தினாலோ, அந்தச் சாலையையே தவிர்க்கத் தொடங்கினாலோ மருத்துவரைப் பார்ப்பதே முறை. எனக்கு வாரங்களோடு தணிந்தது. இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், துக்கம். ஒரு காருக்காக வருந்துவதைப் பிறரிடம் சொல்லவே கூச்சமாக இருந்தது. ‘உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்பதற்கு மேல் என்ன பதில் சொல்ல முடியும்? அந்த நாட்களில் காரை விற்றுவிடலாம் என்று தோன்றியது, அதைவிட வேகமான ஒன்றை வாங்கலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் தள்ளிப்போட்டது நல்லதாயிற்று. கார் திரும்பியதும் முதலில் ஞாயிறு அதிகாலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை மட்டுமே சென்றேன், மனைவி உடன் வர ஒப்புக்கொள்ளும் வரை அதற்கு மேல் போகவில்லை. மழை நாட்களில் இப்போது ‘ஸ்னோ/வெட்’ என்ற ஓட்டுமுறையைத் தேர்ந்தெடுக்கிறேன். பனியே பெய்யாத ஊரில் அந்த எழுத்துகளைப் பார்த்து முன்பு சிரித்ததுண்டு.

இப்போதைய நிலை இது. அலைன்மென்ட் அளவுகள் அன்று போலவே நிற்கின்றன, டயர்கள் சமமாகத் தேய்கின்றன, ஸ்டீயரிங் நேராக நிற்கிறது, அதிவேகத்தில் அதிர்வு இல்லை. ஃபெண்டரும் பானட்டும் அலுமினியம் என்பதால் பட்டி வைத்து ஒப்பேற்றாமல் ஃபெண்டரைப் புதிதாகவே மாற்றியது சரியான முடிவு. பெயிண்டில் குமிழ் எதுவும் எழவில்லை. நிறம் மட்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. நிழலில் தெரியாது, மாலை வெயில் சாய்வாக விழும்போது ஃபெண்டரும் கதவும் இரண்டு சிவப்பாகத் தெரியும், அது தெரிந்துவிட்ட கண்ணுக்கு எப்போதும் தெரியும். மழைக்காலத்தில் புதிய ஹெட்லைட்டின் உள்ளே ஆவி படிந்து, சற்று நேரம் எரிந்ததும் மறைகிறது. கரடுமுரடான சாலையில் வலது டாஷ்போர்டு ஓரத்தில் ஒரு கிரீச்சொலி. ஏர்பேக் மாற்றக் கழற்றிய இடம். மூன்று முறை கழற்றிப் பஞ்சு வைத்தும் போகவில்லை, இனி கழற்றுவதாக இல்லை. எஞ்சினுக்கு எந்தக் குறையும் இல்லை. நகருக்குள் லிட்டருக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் என்ற அதன் பழைய பசியும் குறையவில்லை.

விலை விசாரிக்க வருபவர்கள் பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவியோடுதான் வருகிறார்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும் இடத்தில், மறுபெயிண்ட் அடித்த பகுதி அதன் இருமடங்கைக் காட்டிவிடும். மறைப்பதற்கு எதுவும் இல்லை. சர்வே அறிக்கை, மாற்றிய பாகங்களின் பில், இரண்டு அலைன்மென்ட் தாள்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு முதலிலேயே நீட்டிவிடுகிறேன். அப்போதும் விலையைக் குறைத்தே கேட்கிறார்கள், கோப்பைப் படித்த பிறகு குறைக்கும் அளவு மட்டும் சற்றுக் குறைகிறது. எனக்கு அது விற்கும் விலையாக இல்லை. ஐந்து ஆண்டு தாண்டிய காருக்கு ஐடிவி என்பது உரிமையாளரும் காப்பீட்டாளரும் பேசி முடிவு செய்யும் தொகை என்பதால், ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கணினி காட்டும் குறைந்த தொகையை ஏற்காமல், கூடுதல் பிரீமியம் கட்டி அதை உயர்த்திக் கேட்கிறேன். அடுத்த முறை ஏதேனும் நேர்ந்தால் அந்த 75 சதவீத எல்லை காரைவிட்டுத் தொலைவில் இருக்க வேண்டும்.