எட்டாவது தோட்டா: மேகசின் வழியாகவா, கையாலா?

1911 பிஸ்டலின் வழக்கமான மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 7 தோட்டா பிடிக்கும், சேம்பரில் (சுடத் தயாரான தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) ஒன்று இருந்தால் 8. அந்த எட்டாவதை உள்ளே அனுப்புவதில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சி நிறைந்த மேகசினைச் செருகி, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுத்து விட்டு, முதல் தோட்டா சேம்பருக்குப் போனதும் மேகசினைக் கழற்றிக் குறைந்த ஒன்றை நிரப்பி மறுபடி செருகும். இன்னொரு கட்சிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, தோட்டாவைக் கையாலேயே சேம்பரில் போட்டு, ஸ்லைடைப் படாரென்று விட்டுவிட்டு அப்புறம் மேகசினைச் செருகும்.

பார்க்க ரெண்டும் ஒன்றுதான். ஆனால் ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியில் எக்ஸ்ட்ராக்டர், அதாவது சுட்ட தோட்டாவின் காலி உறையைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி, ஸ்லைடுக்குள் ஒரு துளையில் கிடக்கும் நீளமான எஃகுத் துண்டு. தனி ஸ்பிரிங் எதுவும் இல்லை, அதன் வளைவுதான் ஸ்பிரிங். மேகசினிலிருந்து வரும் தோட்டா கீழிருந்து மேலே ஏறும்போது அதன் அடிப்பக்க விளிம்பு அந்தக் கொக்கிக்கு அடியில் நழுவி உட்காருகிறது, கொக்கிக்குச் சிரமமே இல்லை. தோட்டா ஏற்கெனவே சேம்பரில் உட்கார்ந்திருந்தால், முழு வேகத்தில் வரும் கொக்கி விளிம்பை முட்டி, பக்கவாட்டில் வளைந்து, அதைத் தாண்டிக் குதித்தாக வேண்டும். வளைய அங்கே இடமும் குறைவு. ஒரு தடவை செய்தால் ஒன்றும் ஆகாது. தினப் பழக்கமானால் வளைவின் இறுக்கம் தளரும், கொக்கி முனை சிதறவும் செய்யும், அதன்பின் காலி உறை சரியாக வெளியே வராமல் சிக்கும்போது ஆள் மேகசினைத் திட்டிக்கொண்டிருப்பார்.

க்ளாக், பெரெட்டா 92 மாதிரியான பிஸ்டல்களில் எக்ஸ்ட்ராக்டர் ஸ்லைடின் பக்கவாட்டில் இருக்கிறது, தனி ஸ்பிரிங்கின் தயவில் அசைந்து கொடுக்கும், விளிம்பைத் தாண்டுவது அதற்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே க்ளாக் வைத்திருப்பவர் ‘நான் வருஷக்கணக்கில் இப்படித்தான் செய்கிறேன்’ என்றால் அது பொய் இல்லை, 1911-க்குப் பொருந்தாது, அவ்வளவுதான். (பெரெட்டாவின் சின்ன 950-இல் எக்ஸ்ட்ராக்டரே கிடையாது! குழலின் பின்பக்கத்தை மேலே தூக்கி, கையால் போடுவதற்கென்றே செய்தது.)

மேகசின் கட்சிக்காரர்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். தினமும் இரவில் சேம்பரைக் காலி செய்து காலையில் அதே தோட்டாவை மேகசினின் உச்சியில் வைத்து ஏற்றுகிறவர்கள் நிறைய. ஒவ்வொரு தடவையும் தோட்டாவின் முனையிலுள்ள குண்டின் மூக்கு சேம்பருக்கு ஏறும் சரிவில் மோதுகிறது, நாளடைவில் குண்டு உறைக்குள் கொஞ்சம் உள்வாங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். 1911-இன் வழக்கமான தோட்டாவான .45 ஏசிபிக்கு அமெரிக்க அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மிமீ தோட்டாவுக்கோ 35,000. உறையும் சின்னது என்பதால் 9 மிமீயில் இந்த விஷயத்தை இன்னும் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கெட்ட பழக்கம் வேறு: சேம்பரும் மேகசினும் காலியாக இருக்கும்போது சத்தத்துக்காக ஸ்லைடை விட்டு அறைவது. தோட்டாவை உருவித் தள்ளும்போது ஸ்லைடின் வேகம் கொஞ்சம் குறையும், காலியாக விட்டால் அந்தத் தடையும் இல்லை. மெல்லிய ட்ரிகருக்காகத் தீட்டிய 1911-இல் அந்த அதிர்ச்சி ஹேமரும் (சுடும்போது அடிக்கும் சுத்தி) சியரும் (ட்ரிகரை அழுத்தும்வரை அதைப் பிடித்திருக்கும் துண்டு) கவ்வும் நுண்ணிய விளிம்பில் போய் இறங்கும். ஸ்லைடைக் கையால் இழுத்து விடுவதா, பின்னால் பூட்டிய ஸ்லைடை விடுவிக்கும் லீவரை அழுத்துவதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை, தோட்டா ஏறும்போது எதுவானாலும் சரி. மேகசினை நிரப்பி வைத்தாலே ஸ்பிரிங் செத்துவிடும் என்பதும் மிகை, நல்ல ஸ்பிரிங்கைத் தேய்ப்பது முக்கியமாகத் திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான்.

என் ஓட்டு 1911-க்கு மேகசின் வழிதான், க்ளாக்குக்கும் வேறு வழி தேவைப்பட்டதில்லை. எந்த வழியானாலும் ஸ்லைடு மூடும் நொடியில் குழல் ஆபத்தில்லாத திசையைப் பார்த்திருக்க வேண்டும், விரல் ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. சேம்பரிலிருந்து எடுத்த தோட்டாவை அதே பெட்டியின் புதிய தோட்டா பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள்.