காட்டானையா, நீர்யானையா: எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

பாலக்காடு மாவட்டத்தில் வாளையார், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருப்பவர்களுக்குக் காட்டானையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோப்புக்குள் இறங்குவதும், பாவம், தண்டவாளத்தில் ரயிலில் அடிபட்டுச் சாவதும் நமக்குத் தெரிந்ததுதான். ஆப்பிரிக்க ஆற்றங்கரை மக்களுக்கு அந்தக் கவலை நீர்யானையால்.

உருவத்தில் யானைதான் பெரியது. நம் கொம்பன் 4 டன் வரும். ஆண் நீர்யானை ஒன்றரை முதல் 3 டன். ஆனால் அந்தக் குட்டைக் கால்களை நம்பிவிடாதீர்கள், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தண்ணீரில் நீந்துவதில்லை; 5 நிமிடம் வரை மூச்சடக்கி, அடித்தரையில் கால் ஊன்றி நடக்கும். வெயிலுக்கு யானை மண்ணை வாரிப் பூசிக்கொள்கிறது. நீர்யானைக்குத் தோலிலேயே செந்நிறத் திரவம் சுரக்கிறது, அது கிருமிகளையும் தடுக்கும். அதற்கு நெருங்கிய சொந்தமும் யானை அல்ல, திமிங்கலம்!

குணத்தில்தான் பெரிய வித்தியாசம். யானை பல நேரம் காதை விரிக்கும், பிளிறும், பாதி தூரம் ஓடிவந்து நின்றுவிடும். விலக அவகாசம் கிடைக்கும். நீர்யானையும் வாயை அகலத் திறந்து, அரை மீட்டர் வரை வளரும் கோரைப்பற்களைக் காட்டும். ஆனால் அதன் எல்லைக்குள் படகு நுழைந்தாலோ, இரவு மேய்ச்சலின்போது ஆற்றுக்கும் அதற்கும் நடுவே ஆள் நின்றாலோ தயங்காமல் பாயும். இத்தனைக்கும் தின்பது புல், ஓர் இரவில் சுமார் 40 கிலோ.

என்னைக் கேட்டால் நீர்யானைக்குத்தான் அதிகம் பயப்படுவேன். அப்புறம், திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் அதைக் காட்டும்போது, காட்டில் அந்த வாய்திறப்பு கொட்டாவி அல்ல, மிரட்டல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.