வாசாவா, ஸ்கான்சனா? ஸ்டாக்ஹோமில் எதைப் பார்ப்பது

ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில், சிறு நடைத் தொலைவுக்குள் வாசா அருங்காட்சியகமும் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகமும் அமைந்துள்ளன. ஒரே பகலில் இரண்டையும் முடித்துவிடலாம் என்பவர்கள் உண்டு; ஸ்கான்சனின் மேடுபள்ளங்களில் நடந்தவர்கள் அவ்வாறு சொல்லத் தயங்குவார்கள். எனவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

வாசா என்பது, போலந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த சுவீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் கட்டுவித்த 64 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தைத் தொடங்கிய அது, ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்தது; திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து, துறைமுகத்திலேயே மூழ்கியது. மேல்தளங்களின் பாரம் மிகுதி என்பது முன்பே தெரிந்திருந்தது. மாலுமிகள் 30 பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தபோது கப்பல் அபாயகரமாக ஆடியதால் சோதனையை நிறுத்தினார்களே தவிர, பயணத்தை நிறுத்தவில்லை. பின்னர் நடந்த விசாரணையில் எவரும் தண்டிக்கப்படவில்லை என்பது, அரசுக் கோப்புகளின் போக்கை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

பால்டிக் கடலின் உவர்ப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு செழிப்பதில்லை. அதனால்தான் 1961-இல் மேலே கொண்டுவரப்பட்ட கப்பல், 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற வேதிப்பொருள் தெளித்துப் பாதுகாக்கப்பட்டு, பெரும்பாலும் அசல் மரத்துடனேயே இன்று நிற்கிறது. மங்கிய ஒளியில் அதன் செதுக்குச் சிற்பங்களை அருங்காட்சியகத்தின் மாடி மாடியாக ஏறிப் பார்க்க இரண்டு மணிநேரம் போதும். 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணமும் இல்லை.

ஸ்கான்சன் அரசனின் ஆசையைப் பற்றியதன்று. குடிமக்களின் அன்றாடத்தைப் பற்றியது. தொழில்மயத்தால் கிராம வாழ்க்கை மறைந்துவந்த காலத்தில், நாட்டுப்புறவியல் அறிஞர் ஆர்தூர் ஹசேலியுஸ் 1891-இல் இதைத் தொடங்கினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட சுமார் 150 கட்டடங்கள், 18ஆம் நூற்றாண்டின் செக்லோரா மரத் தேவாலயம், கண்ணாடி ஊதும் பட்டறை, கரடியும் ஓநாயும் மூஸ் என்னும் பெரிய மானும் வாழும் விலங்குப் பகுதி ஆகியவை இங்குண்டு. ஆனால் குளிர்காலத்தில் பல வீடுகள் பூட்டியிருக்கும்; பகல் வெளிச்சமும் பிற்பகலிலேயே மங்கிவிடும். அந்நாட்களில் கட்டணம் செலுத்தி உள்ளே செல்வது, கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பர் வார இறுதிகளைத் தவிர, எனக்கு உவப்பானதாகத் தோன்றவில்லை.

மேலும், திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் ஏறத்தாழ முழுமையாக மீட்கப்பட்ட 17ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பலை வேறெங்கும் காண முடியாது. ஒரு பிற்பகல் மட்டுமே கையில் இருப்பவர் வாசாவுக்கே செல்லலாம். குழந்தைகளுடன் ஜூன், ஜூலையில் வருபவர்களுக்கு என் பரிந்துரை மாறும்: இருண்ட கூடத்தில் அவர்கள் விரைவில் சலித்துவிடுவார்கள், ஸ்கான்சனிலோ அவர்களை வெளியே அழைத்து வருவதுதான் சிரமம்.